எழுத்து தெரியவில்லை என்றார்கள்

(திருவான்மியூரில் நடைபெற்ற பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் எங்கள் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



 இன்று எங்கள் தவறு ஒன்றை முதலில் அறிக்கையிட விரும்புகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் கும்மிடிப்பூண்டி முகாமிலிருந்து ஒரு தாயார் தம் பேரக் குழந்தையைத் தூக்கி வந்தார். காதுக்குச் சொட்டு மருந்து ஒன்று, குடிக்க ஒன்று என இரண்டு புட்டிகள் கொடுத்தோம். சீட்டில் தமிழில்தான் எழுதியிருந்தோம். "விளங்கியதா அம்மா?" என்றோம். தலையசைத்தார். மறுநாள் வாந்தியோடு குழந்தை திரும்பி வந்தது. காதில் விட வேண்டியதை வாயில் கொடுத்திருந்தார். தேவகிருபையால் இரண்டு நாளில் குழந்தை தேறியது. "படிக்கத் தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சுங்க ஐயா" என்று அந்தத் தாயார் அழுதார்.

இலங்கையிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் படித்தவர்கள் என்று நாங்களாகவே எண்ணிக்கொண்டது எங்கள் குற்றம். இவரோ மலையகத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1977 கலவரத்தில் குடும்பம் வவுனியாவுக்கு ஓடியது. அங்கே தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்பட்டார். 1990-இல் படகேறி, மண்டபம் முகாம் வழியாக இங்கு வந்து சேர்ந்தார். இடம் பெயர்ந்த ஒவ்வொரு முறையும் பள்ளிக்கூடம் பின்தங்கிப் போயிற்று. 1983 முதல் தமிழகம் வந்தவர்களில் இப்படிப்பட்ட மலையகப் பெண்கள் பலர் உண்டு. 2021-இல் அரசு இம்முகாம்களுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. தம் பெயரையே எழுத அறியாதவருக்கு மறுவாழ்வு எங்கே தொடங்கும்?

எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் வாசித்துக்கொண்டு போனதை அறிவீர்கள். பிலிப்பு தூரத்தில் நின்று உபதேசம் பண்ணவில்லை. ஓடிப் போய், அவர் அழைத்தபோது அருகில் ஏறி உட்கார்ந்தான். பிராங்க் லாபாக் என்னும் மிஷனெரியும் 1930-இல் பிலிப்பைன்ஸ் தீவுகளின் லானாவோ பகுதியில் இதையே செய்தார். கற்ற ஒருவர் கல்லாத ஒருவருக்குக் கற்பிக்க வேண்டும் என்பதே அவர் முறை.

முகாமிலேயே பிறந்து பட்டம் பெற்ற ஒரு பெண்பிள்ளை இப்பொழுது மாலைதோறும் பதினோரு தாய்மாருக்குக் கற்பிக்கிறாள். 247 எழுத்தென்று சொல்லி அவள் பயமுறுத்துவதில்லை. அவரவர் பெயர், பின்பு 'பால்', 'காது', 'மருந்து' என்று தொடங்குகிறாள். பள்ளியை விட்டு நின்ற இரண்டு சிறுமிகளும் பாட்டிமாரோடு வந்து உட்காருகிறார்கள்.

முதல் மாதம் பலர், "எழுத்து தெரியவில்லை" என்றார்கள். கற்கவில்லை என்று எண்ணினோம். பிறகுதான் புரிந்தது, நாற்பது வயதைக் கடந்த அவர்கள் கண்ணுக்கு எழுத்து உண்மையாகவே தெரியவில்லை! எங்கள் கண் மருத்துவர் ஏழு பேருக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். அதன் பின் பாடம் ஓடியது.

நாங்களும் கற்றுக்கொண்டோம். இப்பொழுது மருந்துச் சீட்டில் சூரியனும் பிறையும், காதும் வாயும் வரைகிறோம். "விளங்கியதா?" என்று கேட்பதை விட்டு, "எப்படிக் கொடுப்பீர்கள், சொல்லிக் காட்டுங்கள்" என்கிறோம். எழுத்தறிந்தவர்களுக்கும் இது நன்மையாயிற்று.

அந்தத் தாயார் சென்ற மாதம் பணக்கொடை வாங்கும்போது கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்டார். கடைசி எழுத்தின் புள்ளியை மறந்து, திரும்பிப் போய் வைத்துவிட்டு வந்தாராம்.

அன்பானவர்களே, இன்னும் நான்கு பேர் கண்ணாடிக்குக் காத்திருக்கிறார்கள். சிலேட்டும், பெரிய எழுத்துப் புத்தகங்களும், ஆசிரியைக்கு ஒரு சிறு மாதப்படியும் தேவை. உங்களால் இயன்றதைத் தாருங்கள். அதற்கும் மேலாக, உங்கள் வீட்டில் வேலை செய்யும் சகோதரிக்கு வாசிக்கத் தெரியுமா என்று, அவர் வெட்கப்படாதபடி, அன்பாய்க் கேட்டுப் பாருங்கள். தெரியாவிட்டால் அருகில் உட்காருங்கள்.

அந்நியராய் எகிப்தில் தங்கியிருந்த நம் ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.