நடைதான் வீடு



மும்பையில் பஞ்சாலைகள் பெருகியபோது தொழிலாளர்கள் எங்கே குடியிருந்தார்கள்? சால் வீடுகளில். வொர்லி, நாய்காவ் பகுதிகளில் பிரிட்டிஷ் அரசு 1920-களில் கட்டியவை பி.டி.டி. சால்கள்.

ஒரு கட்டிடத்துக்கு நான்கு தளம். தளத்தின் நடுவே நீண்ட நடை. இரண்டு பக்கமும் ஒற்றை அறை வீடுகள். ஓர் அறை 160 சதுர அடி. பத்தடி அகலம், பதினாறு அடி நீளம். அவ்வளவுதான்! கழிப்பறை எல்லோருக்கும் பொது. காலையில் வாளியோடு வரிசையில் நிற்க வேண்டும்.

அறை போதவில்லை. அதனால் நடையும் வீடானது. அங்கே குழந்தைகள் விளையாடினார்கள். ஆண்கள் பாய் விரித்துப் படுத்தார்கள்.

1982 ஜனவரியில் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சுமார் இரண்டரை லட்சம் பேர். மாதக்கணக்கில் கூலி இல்லை. பலருக்கு வேலையே திரும்பக் கிடைக்கவில்லை. எந்த அறையில் அடுப்பு எரியவில்லை என்பது நடையில் போகிறவருக்குத் தெரிந்துவிடும்.

இப்போது சால்களை இடித்து உயரமான கட்டிடங்கள் கட்டுகிறார்கள். 2025 ஆகஸ்டில் வொர்லியில் 556 குடும்பங்கள் சாவி வாங்கின. வீடு 500 சதுர அடி. கழிப்பறை உள்ளேயே இருக்கிறது. பெண்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? நல்லது என்றே நான் சொல்வேன்.

ஆனால் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டால், அடுத்த வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று யார் பார்ப்பது? நீங்கள் சொல்லுங்கள், கேட்கிறேன்.