சேர்ந்து போனோம், பிரிந்தும் போகிறோம்

1977 மார்ச் மாதம். ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானோக்குக்கூடத்தில், யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப்போவதைப் பார்க்க விஞ்ஞானிகள் காத்திருந்தார்கள். கோள் வந்து மறைக்கும் முன்பே நட்சத்திரத்தின் ஒளி மங்கி மீண்டது. வேறு இடங்களிலும் அப்படியே பதிவாயிற்று. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்தது இப்படித்தான்.

அதே ஆண்டு வாயேஜர் விண்கலங்கள் இரண்டு, பதினாறு நாள் இடைவெளியில் கிளம்பின. வியாழன், சனி வரை இரண்டுக்கும் ஒரே வழி. சனியின் துணைக்கோளான டைட்டனை நெருங்கிப் பார்த்த வாயேஜர் 1, 1980-இல் கோள்களின் பாதையை விட்டே விலகியது. வாயேஜர் 2, 1981-இல் சனியைக் கடந்து, நான்கு ஆண்டுகளுக்கும் மேல் தனியாகப் பயணம் செய்து, 1986 ஜனவரியில் யுரேனஸை அடைந்தது. காவலூரில் நிழலாகத் தெரிந்த வளையங்களை அருகிலிருந்து படமெடுத்தது.

சேர்ந்தே போயிருந்தால் ஒன்று டைட்டனை இழந்திருப்போம், அல்லது யுரேனஸை. கூட வந்தவர் வேறு வழியில் திரும்பும்போது மனம் கனக்கத்தான் செய்யும். அவருக்கும் பார்க்க வேண்டிய ஓர் உலகம் இருக்கிறது. மனதார வாழ்த்தி அனுப்புங்கள். உங்கள் பயணத்தைத் தைரியமாகத் தொடருங்கள்!