சான்றே அரண்

பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் ஓர் இலக்கிய வட்டத்தின் அவையில் பூச்சிமருந்தைப் பற்றிய பேச்சுக்கு என்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். எழுத்தையே வாழ்வூதியமாகக் கொண்ட ஒருவரின் வரலாறு அதனுள் அடங்கியிருப்பதால் அதற்கு இங்கே இடமுண்டு.

அமெரிக்காவில் 1907-இல் பிறந்த ரேச்சல் கார்சன் விலங்கியல் பயின்றவர். 1936-இல் அரசின் மீன்வளத் துறையில் பணியமர்ந்தார். தந்தையை இழந்த குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பும் அவருடையதே. எனவே இதழ்களுக்குக் கட்டுரை எழுதியும் பொருளீட்டினார். கடலைப் பற்றிய அவரது நூல் 1951-இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்றது; மறு ஆண்டே அரசுப் பணியைத் துறந்தார்.

அதன்பின் மாத ஊதியம் இல்லை. பின்னே நிற்கப் பல்கலைக்கழகமும் இல்லை. ஆனால் வேளாண் துறையின் திட்டங்களை அச்சமின்றி வினவும் உரிமை இருந்தது. துறையின் ஊதியம் பெறுவோர்க்கு அவ்வுரிமை எளிதில் வாய்ப்பதில்லை.

டி.டி.டி. பற்றிக் கட்டுரை எழுத விழைந்து 1945-இலேயே ரீடர்ஸ் டைஜஸ்ட் இதழை அவர் அணுகியதுண்டு, இதழ் ஏற்கவில்லை. 1958-இல் அப்பொருளை மீண்டும் கையிலெடுத்தார். நான்காண்டுகள் ஆய்வறிக்கைகளைத் திரட்டினார். அறிஞர் பலருக்குக் கடிதம் எழுதி ஐயம் களைந்தார். இடையே புற்றுநோய் தாக்கியது. எதிர்ப்பாளர் அதனையே கருவியாக்குவர் என்று கருதி, நோயை ஊரறியாமல் மறைத்தார்.

1962-இல் வெளிவந்த ‘சைலன்ட் ஸ்பிரிங்’, அதாவது ‘மௌன வசந்தம்’, வயலில் தெளித்த நஞ்சு உணவுக்குள் புகும் வழியைக் காட்டிற்று. தீவனப்புல்லில் பத்து இலட்சத்தில் 7 அல்லது 8 பங்கு இருக்கும் டி.டி.டி., அதைத் தின்ற பசுவின் பாலில் 3 பங்காகத் தோன்றும். அப்பாலின் வெண்ணெயிலோ 65 பங்குவரை ஏறக்கூடும். கொழுப்பில் தங்குவது அந்நஞ்சின் இயல்பு. இதனைப் புரிந்துகொள்ள வாசகருக்குப் பட்டம் தேவைப்படவில்லை.

இரசாயனத் தொழில் சார்ந்தோர் சீறினர். ஒரு நிறுவனம் வழக்குத் தொடுப்பதாகப் பதிப்பாளரை மிரட்டியது. அவர் ஆய்வாளரே அல்லர் என்று இகழ்ந்தோரும் உண்டு. பூச்சிமருந்து அறவே கூடாது என்று அவர் எழுதியதாகவும் பழி சுமத்தினர். விளைவறியாது கண்மூடித்தனமாகத் தெளிப்பதையே அவர் கடிந்தார். நூலின் இறுதியில் ஐம்பது பக்கங்களுக்கு மேல் நீளும் சான்றுப் பட்டியல் அவருக்கு அரணாயிற்று. பதிப்பாளரும் பின்வாங்கவில்லை.

1963 மே மாதத்தில் குடியரசுத் தலைவரின் அறிவியல் ஆலோசனைக் குழு அவரது கருத்துகளைப் பெரிதும் ஏற்று அறிக்கை அளித்தது. 1964 ஏப்ரலில், தமது 56-ஆம் வயதில் அவர் மறைந்தார். அமெரிக்க வேளாண்மையில் டி.டி.டி.யின் பயன்பாடு 1972-இல் தடை செய்யப்பட்டபோது அதைக் காண அவர் இல்லை.

நிறுவனம் சாராத எழுத்தாளருக்கு உரிமை மிகுதி, காவல் குறைவு. அவர் எழுதும் ஒரு தவறான எண், உண்மையான நூறு எண்களையும் ஐயத்துக்கு உள்ளாக்கிவிடும். ஆகவே உழவையும் உணவையும் பற்றி எழுதப் புகும் இளைஞர்கள் நடையழகுக்குச் செலவிடும் உழைப்பினும் கூடுதலாகச் சான்று தேடுவதற்குச் செலவிட வேண்டும். கார்சனின் எழுத்து நின்றது அவ்வுழைப்பினால்தான்.