வீட்டுக் கோழியைப் பருந்திடமிருந்து காப்போம்

(பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் கூடிய தாய்மார் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



முதலில் எங்கள் பக்கத்துப் பிழையைச் சொல்லிவிடுகிறோம். சில வருசங்களுக்கு முன் ஒரு தோட்டத்தில் லயத்துக் குடும்பங்களுக்குக் கோழிக்குஞ்சு கொடுத்தோம். குடும்பத்துக்குப் பத்துக் குஞ்சு. கையெழுத்து வாங்கினோம், போட்டோ பிடித்தோம், வந்துவிட்டோம். ஆறு கிழமை கழித்துப் போய்ப் பார்த்தால் பல வீடுகளில் ரெண்டு, மூன்றுதான் மிச்சம். "பருந்து தூக்கிக்கிட்டுப் போயிருச்சுங்க ஐயா" என்றார்கள். ஒரு அம்மா மட்டும் கோபமாகவே கேட்டார்: "குஞ்சு குடுத்தீங்க, சரி. அத எப்படிக் காப்பாத்துறதுன்னு ஏன் சொல்லிக் குடுக்கல?" எங்களிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத்தான் இன்றைக்குக் கொண்டுவந்திருக்கிறோம்.

பத்துக் குஞ்சுதானே என்று நினைக்கக் கூடாது. 2022இல் நாடு நெருக்கடியில் விழுந்தபோது முட்டை விலை ஏறியது நமக்கு மறக்காது. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலை வந்தது. அந்த நேரத்தில் வீட்டில் ரெண்டு பெட்டைக்கோழி நின்ற குடும்பத்துப் பிள்ளைக்குத்தான் முட்டை கிடைத்தது. கோழி விற்ற காசு தாய்மாரின் கையில் நிற்கிற காசு. குஞ்சைப் பருந்து தூக்கினால் பிள்ளையின் முட்டையும் தாயின் காசும் சேர்ந்து போகிறது.

"கோழி மிதித்துக் குஞ்சு சாகாது" என்பார்கள்.  ஆனால் தாய்க்கோழியால் மட்டும் குஞ்சைக் காப்பாற்றவும் முடியாது. இதை நாங்கள் நன்றாகப் புரிந்துகொண்டது சாகாமத்தில்.

எங்களோடு வேலை செய்யும் ஒருவரின் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காக அம்பாறை மாவட்டத்துக்குப் போயிருந்தோம். அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கத்தில், கடற்கரை ரோட்டுக்கு உள்ளே இருக்கிறது சாகாமம். குளமும் வயலும் உள்ள ஊர். மீன், தவளை, எலி எல்லாம் இருப்பதால் பருந்துக்கும் குறைவில்லை. வெள்ளைத் தலையும் செம்மண் நிற உடம்புமாக, நாம் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறோமே, அந்தச் செம்பருந்து தலைக்கு மேலே வட்டம் போட்டபடி இருந்தது. ஆனால் அதற்குக் கீழே ஒரு வயல் வாடியில் தாய்க்கோழி குஞ்சுகளோடு பயமில்லாமல் மேய்ந்தது.

அந்த வாடியில் இருந்தது ஒரு முஸ்லிம் குடும்பம். அங்கிருந்த வயதான உம்மாவிடம் கேட்டோம். அவர் சொன்னது இதுதான்: "மகன், பருந்த வெரட்டி ஏலா. குஞ்சுக்கு ஓடி ஒளிக்க எடம் இருந்தாக் காணும்."

சுற்றிப் பார்த்தோம். முருங்கை மரத்திலிருந்து வாடிக் கூரைக்கு ஒரு பழைய மீன்வலை இழுத்துக் கட்டியிருந்தது. வளவில் மூன்று நாலு இடத்தில் கிடுகு சாய்த்து வைத்திருந்தது. குஞ்சு எங்கே நின்றாலும் நாலு எட்டில் ஒரு கிடுகுக்குக் கீழே போய்விடலாம். காசு செலவில்லை. யோசனைதான் செலவு.

இனி நம்முடைய மலைக்கு வருவோம். இங்கே குஞ்சு தூக்குவது முக்கியமாக ரெண்டு பேர். ஒன்று வல்லூறு. புறா அளவுதான் இருக்கும். மரத்தில் மறைந்திருந்து தாழப் பறந்து வந்து குஞ்சை அடிக்கும். மற்றது குடுமிப் பருந்து. பெரியது. வளர்ந்த கோழியையே அடிக்கும். காகமும் குஞ்சு தூக்கும், அதையும் மறந்துவிடாதீர்கள். பகலில் குஞ்சு தடமே இல்லாமல் மறைந்தாலும், ஓரிடத்தில் பிடுங்கிய இறகு குவிந்து கிடந்தாலும் மேலே பாருங்கள். ராத்திரி கூட்டுக்குள்ளே கடித்துப் போட்டிருந்தால் அது மரநாய் போன்றவற்றின் வேலை. அதற்குப் பருந்தைத் திட்டிப் பயனில்லை, கூட்டுக் கதவைத்தான் இறுக்க வேண்டும்.

செய்ய வேண்டியதை ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

முதலாவது, குஞ்சு பொரித்து முதல் ஆறு கிழமைக்குத் திறந்து விடாதீர்கள். பஞ்சாரத்துக்குள்ளேயோ, கம்பிவலை அடித்த பெட்டிக்குள்ளேயோ தாயோடு வைத்துத் தீனியும் தண்ணீரும் கொடுங்கள். 21 நாள் அடைகாத்துப் பொரித்த குஞ்சு, அவசரத்தில் ஒரு நொடியில் போய்விடும்.

இரண்டாவது, நேரம். காலையில் பெரட்டுக்குப் போகும்போது கோழியைத் திறந்து விட்டுவிட்டுப் போகிறோம். லயத்தில் ஆள் இல்லாத நேரம்தான் பருந்தின் நேரம். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பிறகு, வாசலில் ஆள் நடமாடும்போது திறந்து விடுங்கள். வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம்.

மூன்றாவது, மேலே மறைப்பு. லயத்துக்குப் பின்னால் சவ்சவ், பீர்க்கு, பாகல் பந்தல் போடுங்கள். மேலே காய், கீழே கோழி. மரக்கறித் தோட்டக்காரர் கழித்துப் போட்ட வலை கிடைத்தால் அதையும் கட்டலாம். ஆனால் தொய்வில்லாமல் இறுக்கிக் கட்டுங்கள். தொங்குகிற வலையில் கோழியே சிக்கிக்கொள்ளும். பந்தல் வளரும் வரைக்கும் பலகை, உரச்சாக்கு கட்டிய தட்டி, எதையாவது அங்கங்கே சாய்த்து வையுங்கள். உரச்சாக்கை நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். தேயிலைச் செடிக்குள் ஒளியட்டும் என்று மட்டும் விடாதீர்கள். மருந்து அடித்த மலையில் மேய்ந்தால் கோழிக்கும் ஆபத்து, நமக்கும் ஆபத்து.

நாலாவது, ஒரு சேவல் வைத்திருங்கள். பருந்தைக் கண்டால் சேவல் ஒரு மாதிரி இழுத்துக் குரல் கொடுக்கும். நாய், கீரி வந்தால் கொக்கொக்கென்று விட்டுவிட்டுக் கத்தும். ரெண்டையும் காது பழக்கிக்கொண்டால், எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று நமக்கும் தெரியும்.

மினுங்கும் தகடு, பழைய சீடி தொங்கவிடலாம். நாலைந்து நாளில் பருந்துக்குப் பழகிவிடும். அதனால் இடத்தை மாற்றி மாற்றிக் கட்டுங்கள். அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. கோபத்தில் செத்த குஞ்சில் விஷம் தடவி வைக்கும் பழக்கம் சில இடத்தில் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அதைப் பருந்து தின்னும் முன்னே நாய் தின்னும், இல்லாவிட்டால் தவழ்கிற பிள்ளை தொட்டுக் கையை வாயில் வைக்கும். வலை வைப்பதும் சுடுவதும்கூடச் சட்டப்படி குற்றம். 1937ஆம் ஆண்டிலிருந்தே இதற்குக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. பருந்து எலியையும் தின்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். எலிக்காய்ச்சல் எத்தனை வீட்டைக் கலங்கடிக்கிறது என்று வயல்காரரைக் கேட்டால் தெரியும்.

பருந்துக்கு அதன் வயிறு, நமக்கு நம்முடைய பிள்ளை. பருந்தோடு சண்டை போட வேண்டாம். குஞ்சுக்கு ஒளிய இடம் செய்து கொடுப்போம். இனிமேல் எங்கே குஞ்சு கொடுத்தாலும், முதலில் பஞ்சாரமும் பந்தலும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கொடுப்போம். அன்றைக்குக் கேள்வி கேட்ட அந்த அம்மாவுக்கு நாங்கள் தரும் வாக்கு அது.