திசைகாட்டி சொன்னது, நான் கேட்கவில்லை

(மாவட்ட அளவிலான சமூக அறிவியல் ஆசிரியர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள், "நாளைக்கு எல்லாரும் காம்பஸ் கொண்டு வாங்க" என்று சொன்னேன். மறுநாள் வகுப்பு முழுவதும் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து கவராயத்தை எடுத்து நீட்டியது. தவறு பிள்ளைகளுடையது அல்ல. நிலவரைபடத் திறன்கள் பாடத்தை அதுவரை நான் கரும்பலகையில் மட்டுமே நடத்தியிருந்தேன். சம உயரக்கோடு என்றால் என்ன என்று கேட்டால் இரண்டு மதிப்பெண்ணுக்குப் பிசகாமல் எழுதுவார்கள். அந்தக் கோட்டை ஒரு மலையோடு பொருத்திப் பார்க்க அவர்களுக்கும் தெரியாது. உண்மையைச் சொன்னால், எனக்கும் தெரியாது.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தவறால். அந்தத் தவறை இன்று உங்களிடம் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் அரையாண்டு விடுமுறையில், முறையான அனுமதியோடு, ஜவ்வாது மலைக்குச் சாரண மாணவர்கள் இருபத்திரண்டு பேரை அழைத்துச் சென்றோம். ஒரு மலைக் கிராமத்திலிருந்து இன்னொரு கிராமத்துக்கு நான்கு கிலோமீட்டர் நடை. கிழக்கே போக வேண்டும். இருநூறு மீட்டர் ஏற்றம். பிற்பகல் மூன்று மணிக்குக் கிளம்பினோம். நாற்பது நிமிடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கப் பாதை அகலமாக இருந்ததால் அதில் திரும்பினேன். திசைகாட்டியை வைத்திருந்த மாணவி, "சார், ஊசிப்படி நாம வடக்கே போறோம். ஊரு கிழக்கேல்ல இருக்கு?" என்றாள். "பாதை வளைஞ்சு திரும்பும்மா, வா" என்றேன்.

பாதை திரும்பவில்லை. இன்னும் நாற்பது நிமிடம் நடந்த பிறகு ஒரு ஆட்டுப்பட்டியில் போய் முடிந்தது. அங்கே ஆளும் இல்லை, கைபேசியில் சிக்னலும் இல்லை. அந்த மாணவி வரைபடத்தைத் தரையில் விரித்து, "அப்பவே சொல்லலாம்னு நெனச்சேன் சார். ஊருக்குப் போறதுன்னா பத்து கோடு ஏறணும். நாம எறங்கிக்கிட்டே வந்தோம்" என்றாள். முதலில் சொன்னதை நான் தட்டிவிட்டதால்தான் இரண்டாவதை அவள் சொல்லாமல் விட்டிருக்கிறாள். அந்த ஒரு சொல் இன்றும் என்னை உறுத்துகிறது.

வந்த வழியே ஏறி, பாதை பிரிந்த இடத்துக்கு வரவே ஐந்தரை ஆகிவிட்டது. இரண்டே டார்ச் வெளிச்சத்தில் ஏழு மணிக்கு ஊர் சேர்ந்தோம். யாருக்கும் அடிபடவில்லை. அது என் திறமையால் அல்ல.

ஊர் திரும்பியதும் முறையாகக் கற்கத் தொடங்கினேன். கற்றதில் நம் பள்ளி வளாகத்திலேயே செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

முதலில் வரைபடம். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 நிலத்தோற்ற வரைபடத்தில் 2 செ.மீ. என்பது தரையில் 1 கி.மீ. அடுத்தடுத்த சம உயரக்கோடுகளுக்கு இடையே பொதுவாக 20 மீட்டர் உயர வேறுபாடு. கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சரிவு குறைவு. இதைப் புரியவைக்க ஒரு வாளியும் களிமண்ணும் போதும். வாளிக்குள் களிமண்ணால் குன்று செய்து, இரண்டு செ.மீ. உயரத்துக்கு நீர் ஊற்றி, நீர் தொடும் விளிம்பைக் குச்சியால் கீறச் சொல்லுங்கள். மேலும் இரண்டு செ.மீ. ஊற்றி மீண்டும் கீறட்டும். நீரை வடித்துவிட்டு மேலிருந்து பார்த்தால் சம உயரக்கோடுகள் கண்முன் நிற்கும்.

அடுத்து திசைகாட்டி. அடித்தட்டும் சுழலும் வளையமும் கொண்ட சாதாரண வகையே போதும். மூன்றே படிகள். ஒன்று, தட்டின் விளிம்பை வரைபடத்தில் நிற்கும் இடத்திலிருந்து போக வேண்டிய இடத்துக்குப் பொருத்துங்கள். அம்புக்குறி போக வேண்டிய பக்கம் இருக்கட்டும். இரண்டு, வளையத்தின் வடக்கு வரைபடத்தின் வடக்கோடு ஒத்து வரும்வரை வளையத்தைச் சுழற்றுங்கள். மூன்று, கருவியை நெஞ்சுக்கு நேரே மட்டமாகப் பிடித்து, ஊசியின் சிவப்பு முனை வளையத்தின் வடக்கில் வந்து நிற்கும்வரை உடம்போடு திரும்புங்கள். இப்போது அம்பு காட்டுவதே வழி. அந்தத் திசையில் ஒரு மரத்தையோ பாறையையோ குறிவைத்து நடக்க வேண்டும். ஊசியைப் பார்த்துக்கொண்டே நடக்கக் கூடாது. கைபேசி, சாவிக்கொத்து, இரும்பு கேட் ஆகியவை அருகில் இருந்தால் ஊசி பொய் சொல்லும்.

காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஒன்றல்ல என்று பாடத்தில் படிக்கிறோம். தமிழ்நாட்டில் அந்த வேறுபாடு மிகச் சிறியது என்பதால் பள்ளிப் பயிற்சியில் அதை விட்டுவிடலாம். ஆனால் திசையில் ஒரு பாகை தவறினால் ஒரு கிலோமீட்டரில் ஏறத்தாழ 17 மீட்டர் விலகிப்போவோம் என்பதை முக்கோணவியல் தெரிந்த பிள்ளைகள் தாங்களே கணக்கிடட்டும்.

மைதானத்தில் ஒரு விளையாட்டு. காலடியில் ஒரு நாணயத்தை வைத்துவிட்டு 40 பாகையில் முப்பது எட்டு, பிறகு 160 பாகையில் முப்பது எட்டு, பிறகு 280 பாகையில் முப்பது எட்டு. சரியாக நடந்தால் நாணயத்துக்கே திரும்பி வரலாம். ஏன் என்று கணித ஆசிரியர் சொல்வார். அது சமபக்க முக்கோணம்.

நேரத்தைக் கணிக்கவும் ஒரு விதி உண்டு. ஸ்காட்லாந்து மலையேற்ற வீரர் வில்லியம் நைஸ்மித் 1892இல் சொன்னது. இன்றைய அளவையில், 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம். அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். எங்கள் நடைக்கு இது 48 நிமிடமும் 20 நிமிடமும், ஆக 68 நிமிடம். பிள்ளைகளோடு போனால் இரு மடங்கு என்று வைத்துக்கொள்வதே நல்லது. அன்று இந்தக் கணக்கைப் போட்டிருந்தால், வழி தவறினாலும் வெளிச்சம் மிஞ்சும்படி காலையிலேயே கிளம்பியிருப்பேன்.

இந்தியாவை அளந்த பெரும் முக்கோண அளவைப் பணி 1802இல் நம் பரங்கிமலை அருகே, ஏறத்தாழ 12 கி.மீ. அடிக்கோட்டை அளந்துதான் தொடங்கியது. லாம்டன் தலைமையிலான அந்தப் பணியின் முதல் கோடு நம் மண்ணில் கிடக்கிறது. இந்தப் பாடம் நமக்கு அந்நியமானது அல்ல.

ஒரு எச்சரிக்கை. 2018 குரங்கணி காட்டுத்தீயை நாம் மறக்கக் கூடாது. வனத்துறை அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் இல்லாமல் பிள்ளைகளைக் காட்டுக்குள் அழைத்துச் செல்லவே கூடாது. வரைபடம் தெரியும் என்பது அனுமதிக்கு மாற்று அல்ல.

இப்போது எங்கள் பள்ளியில் எந்தக் களப்பயணத்திலும் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். பாதை பிரியும் இடத்திலெல்லாம் நிற்போம். வரைபடம் வைத்திருக்கும் பிள்ளை பேசும்வரை ஆசிரியர் வாய் திறக்க மாட்டார். ஆசிரியர் மாற்றிச் சொன்னால் காரணமும் சொல்ல வேண்டும்.

அந்த மாணவியிடம் மறுநாள் காலையிலேயே எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே, "அடுத்த தடவ ரெண்டு தடவ சொல்றேன் சார்" என்றாள். ஒரு தடவை சொன்னாலே கேட்கிற ஆசிரியராக வேண்டும் என்று அன்று நினைத்துக்கொண்டேன். இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.