சாம்பலையும் ஒன்று சேர்ப்பவன்: வேதக்காரர்களின் மறுமை நம்பிக்கை குறித்து ஒரு பார்வை

எல்லாப் புகழும் அகிலத்தாரின் இரட்சகனாகிய அல்லாஹ் ஒருவனுக்கே உரியன. ஸலாத்தும் ஸலாமும் இறுதித் தூதர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

சில காலத்துக்கு முன் தாயொருத்தி என்னிடம் ஒரு கேள்வியோடு வந்தார். கொரோனாக் காலத்தில் மகனைப் பறிகொடுத்தவர் அவர். “மௌலவி, என்ட புள்ளைய எரிச்சிட்டாங்க. கப்றும் இல்ல, எலும்பும் இல்ல. நாளைக்கு மறுமையில அவன் எப்புடி எழும்புவான்?” என்று கேட்டார்.

2020 ஏப்ரல் 11 இல் வெளியான வர்த்தமானி அறிவித்தல், அந்நோயால் இறந்தோரின் உடலை எரிப்பதைக் கட்டாயமாக்கியது. அதனை எதிர்த்து முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் தாக்கல் செய்த மனுக்களை உயர் நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பர் 1 இல் தள்ளுபடி செய்தது. 2021 பெப்ரவரி 25 இல் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. மார்ச் மாதம் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. ஆயினும் அந்தத் தாயின் கேள்வியை எந்த வர்த்தமானியும் தீர்த்துவைக்கவில்லை.

அதற்கு விடை தேடும்போது, நமக்கு முன் வேதம் வழங்கப்பட்ட யூதரும் கிறிஸ்தவரும் இதே கேள்வியை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதையும் அறிந்துகொள்வது பயன் தரும். அவர்களது நம்பிக்கையைக் கேட்டறிவது தவறாகாது. ஆயிஷா (ரழி) அவர்களிடம் ஒரு யூதப் பெண் கப்றின் வேதனை பற்றிச் சொன்னார். அன்னை அவர்கள் அதனை நபியவர்களிடம் வினவ, அது உண்மையே என நபியவர்கள் உறுதிப்படுத்தினார்கள். இது புகாரியில் பதிவாகியுள்ளது. கேட்டதை உடனே மறுக்காமலும் உடனே ஏற்காமலும் விசாரித்தறிவதே அன்னையார் காட்டிய வழி.

முதலில் யூதர்களைப் பார்ப்போம். நபிமார்கள் யாவரும் மறுமையைப் போதித்தார்கள் என்பது நமது ஈமான். கியாமத் வந்தே தீரும் என மூஸா (அலை) அவர்களுக்கு அறிவிக்கப்பட்டதை ஸூரா தாஹா கூறுகிறது. எனினும் இன்று யூதரின் கைகளிலுள்ள வேத நூல்களின் பழைய பகுதிகளில் மறுமை பற்றிய பேச்சு மிகக் குறைவு. இறந்தோர் யாவரும், நல்லவரும் தீயவரும், ‘ஷியோல்’ எனும் இருண்ட பாதாளத்தில் இறங்குவதாகவே அவை பெரும்பாலும் பேசுகின்றன. நீண்ட ஆயுளும் பிள்ளைச் செல்வமும் நிலமுமே அங்கே நற்கூலியாகக் காட்டப்படுகின்றன.

தெளிவான மாற்றம் ஒரு கொடுமையின்போது வெளிப்பட்டது. கி.மு. 167 அளவில் கிரேக்க மன்னன் நான்காம் அந்தியோக்கஸ், யூதர்கள் தம் மார்க்கத்தைப் பின்பற்றுவதைத் தடைசெய்தான். விருத்தசேதனம் செய்தவர்களும் பன்றி இறைச்சியை உண்ண மறுத்தவர்களும் கொல்லப்பட்டனர். வேதத்தை மீறியவன் நீண்ட நாள் வாழ்ந்தான்; வேதத்தைக் காத்தவன் வாலிபத்தில் மாண்டான். அப்படியானால் நீதி எங்கே? மண்ணில் உறங்குவோரில் பலர் விழித்தெழுவர், சிலர் நித்திய வாழ்வுக்கும் சிலர் நித்திய இழிவுக்கும் செல்வர் என்று தானியேல் நூலின் இறுதி அதிகாரம் கூறுவது அக்காலத்தைச் சேர்ந்தது என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

மக்கபேயரின் இரண்டாம் நூல், ஒரு தாயும் அவளது ஏழு புதல்வர்களும் வதைத்துக் கொல்லப்பட்டதைச் சொல்கிறது. மகனின் அங்கங்கள் வெட்டப்படுவதைக் கண்ட அந்தத் தாய், கருவறையில் உன்னை உருவாக்கியவனே உன் உயிரை மீட்டுத் தருவான் என்ற கருத்தில் அவனுக்குத் தைரியமூட்டுகிறாள். கவனித்தீர்களா? அன்றும் ஒரு தாய். அன்றும் சிதைக்கப்பட்ட ஓர் உடல். நம் சகோதரியின் கேள்வி ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது.

ஈஸா (அலை) அவர்களின் காலத்தில் யூதர்கள் இவ்விடயத்தில் பிளவுபட்டிருந்தனர். ஆலயத்தின் உயர்குடியினரான சதுசேயர் உயிர்த்தெழுதலை மறுத்தனர், பரிசேயர் ஏற்றனர். கி.பி. 70 இல் ரோமர் பைத்துல் மக்திஸிலிருந்த ஆலயத்தை இடித்தபின் சதுசேயர் மறைந்துபோயினர். பரிசேயரின் கொள்கையே யூத மார்க்கமாக நிலைத்தது. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா, உயிர்த்தெழுதலை மறுப்பவனுக்கு மறு உலகில் பங்கில்லை என்று தீர்ப்பளித்தது. இன்றளவும் வைதிக யூதர் நாள்தோறும் தம் தொழுகையில் இறந்தோரை உயிர்ப்பிப்பவன் என்று இறைவனைப் புகழ்கின்றனர். அவர்கள் நரகத்தை ‘கெஹின்னோம்’ என்பர். ஜெரூஸலத்தின் தெற்கேயுள்ள ஒரு பள்ளத்தாக்கின் பெயர் அது. நமது ‘ஜஹன்னம்’ என்ற சொல்லுக்கும் அதற்குமுள்ள நெருக்கத்தை நீங்களே உணர்வீர்கள். அங்கே பெரும்பாலோரின் தண்டனை பன்னிரண்டு மாதங்களுக்கு மேற்படாது என்பது அவர்களின் கருத்து. தந்தை தீயவர் என்று தோன்றிவிடக் கூடாதென்பதற்காக, மகன் அவருக்காக ஓதும் ‘கத்திஷ்’ பிரார்த்தனையைப் பதினொரு மாதங்களோடு நிறுத்திக்கொள்கிறான்.

அரபு மொழி படித்தோர் அறியவேண்டிய ஒரு பெயர் மூஸா இப்னு மைமூன். 1138 இல் குர்துபாவில் பிறந்து 1204 இல் மிஸ்ரில் மறைந்த யூத அறிஞர் அவர். உடல் எழுப்பப்படுவதை அவர் மறுக்கிறார் என்று பக்தாதிலிருந்து குற்றச்சாட்டு எழுந்தபோது, 1191 இல் அரபு மொழியிலேயே ஒரு நூல் எழுதி அதனை நிராகரித்தார். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், உடல் எழுப்பப்படுவதை மறுத்த தத்துவவாதிகளுக்குப் பதிலளித்திருந்தார்கள். ஒரே கேள்வி இரு சமூகங்களின் அறிஞர்களையும் உறங்கவிடவில்லை. பிற்காலத்தில் யூதரிடையே சீர்திருத்தப் பிரிவினர் தோன்றினர்; அவர்களின் குருமார் 1885 இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கூடி, ஆன்மா அழியாது என்பதை மட்டும் ஏற்று, உடல் உயிர்த்தெழுதலைக் கைவிட்டனர்.

இனிக் கிறிஸ்தவர்கள். உயிர்த்தெழுதல் நம்பிக்கையை அவர்கள் பரிசேயரின் வழியே பெற்றுக்கொண்டாலும், அதன் மையத்தை மாற்றிவிட்டனர். யூதருக்கு அது காலத்தின் முடிவில் நிகழவிருப்பது. வேதக் கட்டளைகளைப் பேணி வாழ்ந்தவரின் எதிர்பார்ப்பு. கிறிஸ்தவருக்கோ அது ஈஸா (அலை) அவர்களில் ஏற்கனவே தொடங்கிவிட்டது. அவர் சிலுவையில் மரித்து எழுந்தார், அவரை விசுவாசிப்போரும் எழுவர் என்று, கி.பி. 50களில் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய கடிதத்தில் பவுல் வாதிட்டார். அவர்கள் அவரைக் கொல்லவுமில்லை, சிலுவையில் அறையவுமில்லை என்பது ஸூரா அந்நிஸாவின் அறிவிப்பு. நமக்கும் அவர்களுக்கும் இடையேயுள்ள அடிப்படை வேறுபாடு இதுவே.

381 இல் கொன்ஸ்தாந்திநோபிளில் கூடிய சங்கத்தின் விசுவாசப் பிரமாணம், மரித்தோரின் உயிர்த்தெழுதலை எதிர்பார்ப்பதாகக் கூறி முடிகிறது. ஆனால் மரணத்துக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையில் ஆன்மாவின் நிலை என்ன என்பதில் அவர்கள் பிரிந்தனர். சிறு பாவங்களோடு மரித்தவர் தூய்மையாக்கப்படும் ‘உத்தரிக்கிற ஸ்தலம்’ எனும் கொள்கையை மேற்குத் திருச்சபை 1274 இல் லியோனிலும் 1439 இல் புளோரன்ஸிலும் கூடிய சங்கங்களில் வரையறுத்தது. அந்தத் தண்டனையைக் குறைப்பதாகச் சொல்லிப் பத்திரங்கள் பணத்துக்கு விற்கப்பட்டபோது, 1517 இல் மார்ட்டின் லூதர் எதிர்த்தெழுந்தார். ஐரோப்பியக் கிறிஸ்தவம் இரண்டாயிற்று.

இதன் சுவடு நம் அயலிலேயே உண்டு. கல்முனையில் கத்தோலிக்க மரபில் வந்த கார்மேல் பாத்திமாவும் மெதடிஸ்த மரபில் வந்த வெஸ்லியும் நம் பிள்ளைகளும் அறிந்த கல்லூரிகள். நவம்பர் 2 இல் கத்தோலிக்கர் கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றி, மரித்தோருக்காக மன்றாடுவர். 1814 இல் இலங்கை வந்த வெஸ்லியன் மிஷனரிமாரின் வழிவந்த மெதடிஸ்தர் உத்தரிக்கிற ஸ்தலத்தை ஏற்பதில்லை. உடலை எரிப்பதைத் தடுத்திருந்த கத்தோலிக்கத் திருச்சபை 1963 இல் அதனை அனுமதித்தது; ஆயினும் அடக்கம் செய்வதையே இன்றும் சிறந்ததாகக் கொள்கிறது.

அன்பானவர்களே! இவ்வளவும் கேட்டபின், “அவர்கள் தடுமாறினார்கள், நாம் தப்பினோம்” என்று பெருமை கொள்வது எளிது. அல்குர்ஆன் அந்த வாசலையும் அடைத்துவிடுகிறது. சில நாட்களே நெருப்புத் தீண்டும் என்றவர்களையும், சுவர்க்கம் எமக்கே என்றவர்களையும் கண்டித்த அதே வேதம், உங்களுடைய ஆசைப்படியோ வேதக்காரர்களின் ஆசைப்படியோ எதுவும் நடக்காது, தீமை செய்தவன் அதற்குரிய கூலியைப் பெறுவான் என்ற கருத்தை ஸூரா அந்நிஸாவின் 123ஆம் வசனத்தில் நமக்கே முதலில் சொல்கிறது. முஸ்லிம் பெயர் மட்டும் அனுமதிச்சீட்டு ஆகாது.

அடுத்த வீட்டாரின் மையித்தைப் பற்றி நாம் பேசும் முறையும் இதில் அடங்கும். ஒரு யூதரின் ஜனாஸா கடந்து சென்றபோது நபியவர்கள் எழுந்து நின்றார்கள். அவர் யூதராயிற்றே என்று சொல்லப்பட்டபோது, அதுவும் ஓர் உயிரல்லவா என்று கேட்டார்கள். 2004 டிசம்பர் 26 இல் கடல் பொங்கி, பாண்டிருப்பு, மருதமுனை, கல்முனைக் கரையைத் துடைத்துச் சென்ற நாளில், இது யாருடைய மையித் என்று கேட்டுக்கொண்டா தூக்கினோம்? அன்று நம்மிடமிருந்த அந்தப் பண்பு சாதாரண நாட்களிலும் இருக்கவேண்டும்.

இறுதியாக, அந்தச் சகோதரிக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன். முன் சென்ற சமூகத்தில் ஒரு மனிதர் தம் பாவங்களை எண்ணி நடுங்கி, தாம் இறந்ததும் எரித்துச் சாம்பலைக் காற்றிலும் கடலிலும் தூவிவிடுமாறு பிள்ளைகளிடம் வஸிய்யத் செய்தார். அவ்வாறே செய்தனர். அல்லாஹ் அச்சாம்பலை ஒன்றுசேர்த்து அவரை நிறுத்தி, ஏன் இப்படிச் செய்தாய் எனக் கேட்டான். உன்னை அஞ்சியே என்றார். அல்லாஹ் அவரை மன்னித்தான். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ் இது.

எரிப்பது நம் மார்க்கத்தில் கூடாது என்பதில் ஐயமில்லை. ஆனால் வலுக்கட்டாயமாக எரிக்கப்பட்டவர் மீது எந்தக் குற்றமும் இல்லை. அவரது தாய் மீதும் இல்லை. உக்கிய எலும்பை உயிர்ப்பிப்பவனுக்குச் சாம்பல் ஒரு தடையா? சகோதரியே, உங்கள் மகனின் கப்று உங்களுக்குத் தெரியாது. அவர் இருக்குமிடம் அவனுக்குத் தெரியும். ஸியாரத் செய்ய மையவாடியில் இடமில்லாவிட்டாலும், துஆச் செய்ய உங்கள் தொழுகை விரிப்புப் போதும்.

யா அல்லாஹ்! எங்கள் மரணித்தோரை மன்னித்து, எரிக்கப்பட்டோரையும் கடல் கொண்டோரையும் உன் அருளில் ஒன்றுசேர்ப்பாயாக! எங்களையும் நல்லடியார்களுடன் எழுப்புவாயாக! ஆமீன்.