ஓடையிலிருந்து தொடங்கட்டும் நம் புவியியல்

உதகமண்டலத்தில் நடைபெற்ற பள்ளிப் புவியியல் கருத்தரங்கின் தலைமை உரை



‘பள்ளிப் புவியியலில் நீர், நலவாழ்வு, இயற்கை இடர்’ என்னும் பொருளில் கூடியிருக்கிறோம். இந்தப் பொருளைப் பேச உதகை மிகப் பொருத்தமான ஊர். 1819இல் கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் இந்த மலைக்கு வந்தார். அதன்பின், சமவெளியின் வெயிலிலும் காய்ச்சலிலும் நலிந்த ஆங்கிலேயர் உடல் தேறும் இடமாகவே உதகை வளர்ந்தது. இடத்துக்கும் உடல்நலத்துக்கும் உறவுண்டு என்ற எண்ணத்தின்மேல் எழுந்த ஊர் இது. 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது. அங்கே ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் 1918இல் தொடங்கிய பெரிபெரி ஆய்வே பின்னாளில் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. இத்தனை வரலாறு காலடியில் கிடக்க, இதே மலையில் படிக்கும் பிள்ளைக்குப் புவியியல் என்பது பெரும்பாலும் எங்கோ இருக்கும் நாடுகளின் பெயர்ப்பட்டியலாகவே போய்ச் சேருகிறது.

எட்டாம் வகுப்பில் நீரியல் சுழற்சி ஒரு பாடம், இடர்கள் மற்றொரு பாடம். நோயும் சுகாதாரமும் அறிவியல் புத்தகத்துக்குப் போய்விடுகின்றன. பாடநூலை எழுதுவோருக்கு இந்தப் பிரிவினை வசதியானது. மலைச்சரிவில் வாழ்பவருக்கோ மூன்றும் ஒன்றே. மேலே ஊற்றாகப் புறப்படும் நீர்தான் வீட்டுக் குழாய்க்கு வருகிறது. கெட்டால் அதுவே நோயாகிறது. மண்ணுக்குள் தேங்கினால் அதுவே நிலச்சரிவாகிறது. ஆகவே மலைப்பள்ளியின் புவியியல், பள்ளிக்கு மேலே ஊறிப் பள்ளியைக் கடந்து கீழே இறங்கும் தண்ணீரைப் பின்தொடர வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

முதலில் மழை. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. அந்த நாட்களில் குன்னூர், கோத்தகிரி, உதகைப் பகுதிகளில் நிகழ்ந்த நிலச்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கும் மேல் பெய்தது. கேத்தி உதகைக்குத் தென்கிழக்கே இருக்கிறது, அவலாஞ்சி தென்மேற்கே. ஒன்றுக்கு வடகிழக்குப் பருவமழையும் மற்றொன்றுக்குத் தென்மேற்குப் பருவமழையும் பேரழிவைக் கொண்டுவந்தன. இந்த இரண்டு தேதிகளையும் மாவட்ட வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். பருவக்காற்று, மலைத்தடை, மழைமறைவு ஆகியவற்றை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இராது. கூடலூர், பந்தலூர் பள்ளிகளில் பேரிடர் ஒத்திகை ஜூனிலும், குன்னூர், கோத்தகிரிப் பள்ளிகளில் அக்டோபரிலும் நடப்பதே பொருத்தம் என்று பிள்ளைகளே கண்டுசொல்வார்கள்.

அடுத்து மண். இந்த மலையின் கடினப் பாறைக்கு மேலே, நெடுங்காலம் மக்கிச் சிதைந்த செம்மண் பல இடங்களில் ஆழமாகப் போர்த்திக் கிடக்கிறது. அதன் துளைகளில் நீர் நிறைந்து அழுத்தம் ஏற ஏற, மண்ணின் பிடிமானம் தளர்கிறது. 1978, 1979ஆம் ஆண்டுகளின் சரிவுகளும், 1993 நவம்பரில் மரப்பாலத்தில் நேர்ந்த சரிவும் நமக்குக் கற்பித்த பாடம் இது. பாதைக்காகவோ வீட்டுக்காகவோ சரிவின் அடியை வெட்டும் இடத்திலும், வடிகால் அடைபட்ட இடத்திலும் ஆபத்து கூடுகிறது.

இங்கே ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். சரிவில் நெருக்கமாக வீடுகள் எழுகின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் கழிவுநீர் உறிஞ்சுகுழி ஒன்று இருக்கிறது. அது நாள்தோறும் சரிவுக்குள் நீரை இறக்குகிறது. மழைக்காலத்தில் ஏற்கெனவே நனைந்த மண்ணுக்கு அது கூடுதல் பாரம். அதே நீர் கீழே உள்ள ஊற்றில் கலந்தால் வயிற்றுப்போக்கும் மஞ்சள்காமாலையும் வரும். சரிவு நிகழ்ந்து குடிநீர்க் குழாய் உடைந்துவிட்டால், கெட்டுப்போன அந்த ஊற்றையே ஊர் நம்ப வேண்டியிருக்கும். ஒரு குழிக்குள் உங்கள் கருத்தரங்கின் மூன்று தலைப்புகளும் அடங்கிவிட்டன. இதைக் கற்பிக்கப் பத்துப் பக்கப் பாடம் வேண்டாம். பள்ளியைச் சுற்றி ஒரு நடை போதும்.

நிலத்தில் எது வளர்கிறது என்பது நீரின் அளவை மாற்றும் என்பதற்கும் இந்த மலையிலேயே சான்று உண்டு. உதகையில் உள்ள மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம், கிளன்மார்கனில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை ஒப்பிட்டு நெடுநாள் ஆய்ந்தது. ஒன்று இயல்பான புல்வெளியும் சோலையுமாக விடப்பட்டது. மற்றொன்றில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நடப்பட்டது. முதல் பத்தாண்டில் அங்கிருந்து வரும் நீர் ஏறத்தாழ 16 விழுக்காடு குறைந்தது. மரங்களை வெட்டியபின் அடிக்கட்டை துளிர்த்து வளர்ந்த அடுத்த பத்தாண்டில் குறைவு 25 விழுக்காட்டை எட்டியது. கற்பூர மரமும் சீகையும் தேயிலையும் சோலையும் புல்வெளியும் ஒரே பார்வையில் தெரியும் மலையில் வாழும் பிள்ளை, பச்சை எல்லாம் ஒரே பச்சை ஆகாது என்று அறிந்துகொள்ள இதைவிடச் சிறந்த பாடம் எது?

நலவாழ்வுக்கு வருகிறேன். சிக்கிள் செல் எனப்படும் அரிவாளணுச் சோகை இந்தியாவில் முதன்முதலாகப் பதிவானது 1952இல். அந்தத் தொடக்கப் பதிவுகளுள் ஒன்று நீலகிரிப் பழங்குடியினரிடையே செய்யப்பட்டது. இந்நோய்க்கான மரபணுவைப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவருக்கு மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பு உண்டு. இருவரிடமிருந்தும் பெற்றவருக்கு அது வாழ்நாள் நோய். மலையடிவாரக் காடுகளிலும் வயநாட்டுப் பக்கத்திலும் மலேரியா தலைமுறை தலைமுறையாக நிலவியதன் தடம் இன்றும் மனிதர் இரத்தத்தில் இருக்கிறது. உயரம், கொசு, காடு, குடியிருப்பு ஆகியவற்றை இணைக்கும் அரிய புவியியல் பாடம் இது. ஆனால் பணியர், இருளர், குறும்பர் வீட்டுப் பிள்ளைகள் அதே வகுப்பில் அமர்ந்திருப்பார்கள். ஒரு சமூகத்தின் குறையாக இது ஒலித்துவிடக் கூடாது. கூடலூரில் ஆதிவாசி மக்களே நடத்தும் அஸ்வினி மருத்துவமனை போன்ற முயற்சிகளையும் சேர்த்துச் சொன்னால், தம் நலத்தைத் தாமே பேணும் மக்களின் கதையாக அது விரியும்.

தேயிலைத் தோட்டங்களை விட்டுவிட்டு இந்த மலையைப் பேச முடியாது. 2020 ஆகஸ்டில் மூணாறு அருகே பெட்டிமுடியில், லயங்கள் எனப்படும் தொடர்வீடுகளில் உறங்கிக்கொண்டிருந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் 70 பேர் மண்ணுக்குள் போனார்கள். லயம் எங்கே கட்டப்பட்டது, ஓடை எங்கே ஓடியது என்று கேட்பது புவியியல் கேள்வி, அதுவே நீதியின் கேள்வியும். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடிநீரையும் குடியிருப்பையும் மருத்துவ வசதியையும் நிர்வாகத்தின் கடமையாக்கியதை லயத்துப் பிள்ளை தன் பாடத்தில் படிக்க வேண்டும்.

2024 ஜூலை 30 அன்று நம் அண்டை வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் நிலச்சரிவில் அழிந்தன. அந்தத் துயரத்துக்குள்ளும் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கல்பற்றாவில் உள்ள ஹியூம் மையம், ஊர்தோறும் வைத்த எளிய மழைமானிகளின் அளவுகளை நாள்தோறும் திரட்டிவந்தது. முந்தைய நாளே முண்டக்கைக்கு ஆபத்து என்று எச்சரித்தது. மழைமானியை வாசிக்கப் பட்டம் தேவையில்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளை வாசிப்பாள்.

எனவே இந்தக் கருத்தரங்கிடம் மூன்று செயல்களை வேண்டுகிறேன். ஒவ்வொரு மலைப்பள்ளியிலும் ஒரு மழைமானி இருக்கட்டும். காலை எட்டரை மணிக்கு அளவு எடுத்து, பதிவேட்டில் எழுதி, பக்கத்துப் பள்ளிகளோடு பகிரட்டும். ஒவ்வொரு வகுப்பும் தன் ஊரின் ஊற்று, ஓடை, குழாய், வடிகால், உறிஞ்சுகுழி, பழைய சரிவுத் தடம் ஆகியவற்றைக் குறித்த வரைபடம் ஒன்றை ஆண்டுதோறும் திருத்தி வரையட்டும். படகர் ஹட்டி, தோடர் மந்து, தோட்ட லயம், காலனி எதுவாயினும் அங்குள்ள முதியோர் நினைவில் வைத்திருக்கும் மழைகளையும் நோய்களையும் சரிவுகளையும் பிள்ளைகள் கேட்டு எழுதட்டும்.

கவனமும் வேண்டும். அபாயச் சரிவில் வீடிருக்கும் பிள்ளையை அச்சத்தோடு வீட்டுக்கு அனுப்பும் பாடம் நல்ல பாடமாகாது. ஆபத்தைச் சொன்ன உடனே, மண்ணில் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று ஆகிய அறிகுறிகளையும், யாரிடம் சொல்வது, எங்கே ஒதுங்குவது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகள் வரைந்த படம் ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சிக் கூட்டங்களின் மேசைக்குப் போய்ச் சேரும் வழியையும் நாமே அமைத்துத்தர வேண்டும்.

தேர்வுச் சுமையும் நேரக்குறைவும் எனக்குத் தெரியாதவை அல்ல. ஆயினும் நீங்கள் கற்பிக்கும் பிள்ளைகளே நாளை இந்தச் சரிவில் வீடு கட்டுவார்கள், வார்டு உறுப்பினராவார்கள், தோட்டத்தை நடத்துவார்கள். தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று அறிந்து அவர்கள் முடிவெடுத்தால் பல உயிர்கள் பிழைக்கும். அந்த அறிவைக் கொடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் நீங்கள். வரும் அமர்வுகளில் இந்த மூன்று செயல்களையும் அலசித் திருத்தி, அடுத்த பருவமழைக்குள் தொடங்கக்கூடிய திட்டமாக ஆக்கித் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.